அரைவை மேசையில் பிறக்கும் பிழைகள்: மாதிரிகளை உடைக்கும்போது தோன்றும் அறிகுறிகளும் அவற்றைத் தீர்க்கும் முறைகளும்

1917ஆம் ஆண்டில் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் எஸ்டேட், எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவின் வட்டாரத்தில்தான் இருக்கிறது. பெயரில் தென்னை, நிலத்தில் செம்பனை. பழைய ஆட்கள் ஊரை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைப்பதைப் போல அந்தப் பெயரும் மாறாமல் நின்றுவிட்டது. நூறாண்டுக்கும் மேலாகச் செம்பனை வளரும் இவ்வட்டாரத்தில், எந்தத் தோட்டத்துக்கு எந்த உரத்தை எவ்வளவு இடுவது என்பதை இன்று இலைப் பகுப்பாய்வைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். அந்தப் பகுப்பாய்வுக்காக இலையும் மண்ணும் வேரும், சில சமயம் ரப்பர்ப் பால் உறைந்த கட்டிப்பாலும், நோயுற்ற மரத்தின் பூஞ்சையும் காகித உறைகளில் எங்கள் சிறிய ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்கின்றன. அவற்றைப் பொடியாக்கிக் கருவிக்கு அனுப்புவதே என் வேலை.

கருவி நம்ப முடியாத எண்ணைக் காட்டினால் எல்லோரும் முதலில் கருவியைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்தவரையில் பிழையின் பெரும்பங்கு அதற்கு முந்தைய அறையில், அரைவை மேசையில் பிறக்கிறது. உடைத்தல் என்பது ஒரு பொருளைச் சிறிதாக்குவதோடு நின்றுவிடுவதில்லை. அது மாதிரியைச் சூடேற்றுகிறது. அரைக்கும் பொருளின் துகளை அதனுடன் கலக்கிறது. புறப்பரப்பைப் பெருக்கிக் காற்றின் ஈரத்தை உறிஞ்ச விடுகிறது. உயிருள்ள செல்லில் தனித்தனி அறைகளில் அடைபட்டிருந்தவற்றை ஒன்றோடொன்று மோதவிடுகிறது. எந்த அறிகுறியைக் கண்டாலும் இந்த நான்கில் எது நடந்தது என்று கேட்பதே பிழைநீக்கத்தின் முதற்படி. கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் மேசையில் தெரியும் அறிகுறியைத் தேடிச் செல்லலாம்.

அறிகுறி: ஒரே குப்பியிலிருந்து எடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகவில்லை

இதுவே அடிக்கடி வருவதும் அதிகம் ஏமாற்றுவதும் ஆகும். முதிர்ந்த செம்பனையில், உச்சியில் முழுதாக விரிந்த இளமட்டையை முதலாகக் கொண்டு எண்ணும் 17ஆம் மட்டையில் நைட்ரஜன் ஏறத்தாழ 2.5 சதவிகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஒரே குப்பியிலிருந்து எடுத்த ஒரு பங்கு 2.6 என்றும் மற்றது 2.4 என்றும் காட்டினால், முதல் எண் உரம் போதும் என்கிறது, இரண்டாவது எண் போதாது என்கிறது. அறிக்கையைப் பெறும் தோட்ட நிர்வாகத்துக்குக் கிடைப்பதோ ஓர் எண் மட்டுமே.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். குப்பியைக் குலுக்காமல் மேலிருந்து மூன்று பங்கும், அடியிலிருந்து மூன்று பங்கும் எடுத்துத் தனித்தனியே பகுப்பாய்வு செய்யுங்கள். மேல் மூன்றும் தமக்குள் ஒத்து, கீழ் மூன்றும் தமக்குள் ஒத்து, இரண்டு கூட்டமும் வேறுபட்டால் பொடி குப்பிக்குள் பிரிந்து படிந்திருக்கிறது என்று பொருள். ஆறும் தாறுமாறாகச் சிதறினால் அரைப்பு போதவில்லை. எடை எடுத்த வரிசைப்படி எண்கள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் பொடி காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. சோதிக்காமல் மறுபடியும் அரைப்பது நேரத்தை வீணாக்கும்.

அரைப்பு போதாமல் போவதற்கு எங்கள் ஊரில் முதற்காரணம் ஈர்க்கு. இலைக்கீற்றின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி, நடுவில் ஓடும் ஈர்க்கை உரித்து எறிந்துவிட்டு, இருபுறத் தகட்டை மட்டுமே உலர்த்த வேண்டும். விளக்குமாறு கட்டுகிற ஈர்க்கு எவ்வளவு வலியது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; அந்த வலிமை கத்தி அரைவையிலும் மாறுவதில்லை. தகடு நொறுங்கி 1 மில்லிமீட்டர் சல்லடையைத் தாண்டிய பின்னும், ஈர்க்கின் நார்கள் சல்லடைக்கு மேலே பஞ்சு உருண்டையாகச் சுருண்டு நிற்கும். அவற்றில் நைட்ரஜன் குறைவு. ஈர்க்கை ஒழுங்காக உரிக்காத மாதிரியில், அந்த நார் சிறிதளவு எந்தப் பங்கில் விழுகிறதோ அந்தப் பங்கின் எண் தாழ்ந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், மேலே நின்ற பஞ்சை என்ன செய்வது என்று மூத்த உதவியாளரான ஓர் அக்காவிடம் கேட்டேன். “கொட்டிடவா அக்கா?” “கொட்டிட்டா அது அந்த மரத்தோட இலை இல்ல தம்பி, நீ பொறுக்கியெடுத்த இலை.” அவர் சொன்ன விதி எளியது: உள்ளே போனது அனைத்தும் சல்லடையைத் தாண்டியாக வேண்டும். தாண்டாததை மறுபடியும் உள்ளே போட்டு அரைக்க வேண்டுமே தவிர, ஒரு சிட்டிகைகூட வெளியே போகக்கூடாது. அரைக்கக் கடினமான பகுதி எப்போதும் வேதியமைப்பிலும் வேறானது. ஆகவே கடினமானதைக் கழிப்பது மாதிரியை ஒரு பக்கமாகச் சாய்ப்பதாகும். ஈர்க்கை நீக்க வேண்டிய இடம் கத்தரிக்கோல், சல்லடை அல்ல.

எவ்வளவு நுண்மை போதும் என்பதற்குப் பிரெஞ்சுக்காரரான பியர் ஜீ வகுத்த மாதிரியெடுப்புக் கொள்கை நல்ல வழிகாட்டி. துகளின் அளவால் எழும் பிழையின் மாறுபாடு, துகளின் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது 1 மில்லிமீட்டர் பொடியை அரை மில்லிமீட்டராக்கினால் அந்த மாறுபாடு எட்டில் ஒரு பங்காகக் குறையும். எடுக்கும் எடை குறையக் குறைய இது மேலும் முக்கியமாகிறது. நைட்ரஜனை அளக்க 1883இல் ஜோஹான் கெல்டால் உருவாக்கிய முறையில் அரை கிராமோ ஒரு கிராமோ எடுத்து அமிலத்தில் வேகவைப்பதால் சற்றுப் பருத்த பொடியும் பொறுத்துக்கொள்ளப்பட்டது. இன்றைய எரிப்பு முறைக் கருவிகள் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த எடையே கேட்கின்றன. கருவியை மாற்றிவிட்டுச் சல்லடையை மாற்றாமல் இருந்தால், பழைய பொடியே புதிய கருவியில் பிழையாகத் தெரியும். புதுக்கருவி சரியில்லை என்ற முறையீட்டில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

பொடி பிரிந்து படிவது அதிர்வால் நேர்கிறது. நுண்துகள் இடைவெளிகளின் வழியே கீழிறங்க, பருத்த துகள் மேலே மிதக்கிறது; குப்பிகளை லாரியில் அனுப்பினாலும், அதிரும் குளிர்பெட்டியின் மேல் வைத்தாலும் இது நடக்கும். தட்டிச் சரிசெய்வதற்குப் பதிலாகக் குப்பியைப் படுக்கவைத்து உருட்டுங்கள். தட்டுவது பிரிவை அதிகமாக்கும். எடை எடுக்கும் கரண்டியால் மேற்பரப்பைச் சுரண்டாமல் ஆழத்திலிருந்து எடுங்கள்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிற்பகல் மழை பெய்யும் நாளில் சன்னலைத் திறந்துவைத்து எடை எடுத்தால் நுண்பொடி கண்ணெதிரே கனம் ஏறும், தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஓடும். எடை எடுக்கும் முன் பொடியை 70 பாகை செல்சியஸ் அளவில் மறுபடியும் உலர்த்தி, சிலிக்கா மணி இட்ட உலர்கலனில் ஆறவிட்டு, ஒவ்வொரு குப்பியாக வெளியே எடுங்கள். உலர்கலனில் உள்ள மணிகள் நிறம் மாறியிருந்தால் அது வெறும் கண்ணாடிப் பாத்திரம்தான்.

அறிகுறி: இரும்பு, குரோமியம், செம்பு போன்றவை ஒரு தொகுதி முழுவதிலும் கூடிவருகின்றன

ஒரே ஒரு மாதிரியில் கூடினால் அது மரத்தின் கதையாக இருக்கலாம். தொகுதி முழுவதிலும் கூடினால் மேசையின் கதை. ஆனால் அரைவைக் கத்தியைக் குற்றம் சொல்லும் முன், இரும்புடன் அலுமினியமும் டைட்டானியமும் சேர்ந்து உயர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை மூன்றும் சேர்ந்து எழுந்தால் வந்தது மண்தூசி. செம்மண் பாதையோரத்து மரங்களின் இலையில் லோரிகள் கிளப்பும் தூசி படிந்திருக்கும். உலர்த்தும் முன்பே ஈரப்பஞ்சால் துடைக்க வேண்டும், உலர்ந்த இலையில் தூசி ஒட்டிக்கொண்டால் பிறகு போகாது. இரும்புடன் குரோமியமும் நிக்கலும் உயர்ந்தால் அது துருவேறா எஃகு. தங்ஸ்டன் கார்பைடு கலத்தில் அரைத்தால் தங்ஸ்டனும் கோபால்டும் சேரும். பீங்கான் கல்வத்தில் அரைத்தால் அலுமினியமும் சிலிக்காவும் சேரும். அகேட் கல் சிலிக்காவைத் தரும். சிர்கோனியாக் கலம் சிர்கோனியத்தைத் தரும். எதையும் தராத கலம் என்று ஒன்று இல்லை. எனவே நாம் அளக்க விரும்பாத தனிமத்தைத் தரும் கலம் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உறுதி செய்வதற்குச் சாம்பல் அற்ற வடிதாளைத் துண்டாக்கி, மாதிரிக்குத் தரும் அதே நேரம் அரைத்து, அதே வழியில் கருவிவரை கொண்டுசெல்லுங்கள். வடிதாளில் தோன்றும் எண் முழுவதும் உங்கள் மேசையுடையது. வடிதாள் மென்மையானது, கலத்தை அதிகம் தேய்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சிலிக்கா நிறைந்த முதிர்ந்த இலை அதைவிடக் கூடுதலாகத் தேய்க்கும்.

எங்களுக்கு ஒருமுறை நேர்ந்தது செம்பு. ஒரு வாரம் முழுவதும் வந்த இலைகளில் செம்பும் துத்தநாகமும் சொல்லிவைத்தாற்போல் உயர்ந்தே இருந்தன. கத்தியைக் கழற்றினோம், அமிலத்தை மாற்றினோம், கருவிக்குப் புதிய அளவீட்டுக் கோடு போட்டோம். கடைசியில் அடியில் பொருத்தியிருந்த புதிய சல்லடையின் மஞ்சள் நிறம் கண்ணில் பட்டது. பழையது எஃகு, புதியது பித்தளை. பீட் சதுப்பு மண்ணில் நிற்கும் செம்பனைக்குச் செம்புக் குறைபாடு வருவது வழக்கம். நடு மட்டைகள் மஞ்சளாவதே அதன் அடையாளம். இலையில் இருக்க வேண்டிய செம்பின் அளவு மில்லியனில் சில பங்குகளே என்பதால், பித்தளையின் சிறு தேய்மானமே குறைபாட்டை மறைத்துவிடப் போதும். நுண்தனிமம் அளப்பவர்கள் நைலான் சல்லடையைப் பயன்படுத்துங்கள். அதே போல, போரான் அளப்பவர்கள் மாதிரியை போரோசிலிக்கேட் கண்ணாடியில் வேகவைக்கவோ கண்ணாடி மணிகளால் அரைக்கவோ கூடாது.

அறிகுறி: பொடியாகாமல் பசையாகிறது, அப்புகிறது, இயந்திரம் திணறி நிற்கிறது

விரலால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக, பச்சை வாசனையுடன் அப்பினால் ஈரம். மினுமினுப்பாக, சூடாக அப்பினால் எண்ணெய். அப்பாமல் இழுபட்டுத் துள்ளினால் ரப்பர்.

ஈரமான இலையை மறுபடியும் அடுப்பில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மடித்தால் ஒடிய வேண்டும், வளையக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் கிடந்து வந்த இலை வியர்த்துப் பூசணம் பிடித்திருந்தால், அதை அரைத்துப் பயனில்லை, திருப்பி அனுப்புங்கள்.

செம்பனைப் பழத்தின் சதை வேறு வகைத் தொல்லை. எண்ணெய் நிறைந்த சதையை வேகமாக அரைத்தால் உராய்வுச் சூட்டில் எண்ணெய் உருகி வெளியேறி, கலத்தின் சுவரில் படிந்துவிடும். கீழே விழும் சக்கை எண்ணெய் குறைந்ததாகவும், சுவரில் ஒட்டியது எண்ணெய் மிகுந்ததாகவும் பிரிந்துவிடுவதால், எண்ணெய் அளவு குறைவாக வரும். உறைய வைத்த சதையைச் சில நொடிகள் மட்டும் விட்டுவிட்டு அரையுங்கள். அரைத்து முடித்ததும் கலத்தை ஹெக்சேன் கொண்டு கழுவி அந்தக் கழுவலையும் பிரித்தெடுக்கும் குடுவையிலேயே சேருங்கள்.

ரப்பருக்கு வருவோம். தாமஸ் ஹான்காக் என்ற ஆங்கிலேயர் 1820இல் ரப்பர்க் கழிவுகளைக் கிழித்துத் துண்டாக்க ஒரு பல் உருளை இயந்திரம் செய்தார். துண்டுகள் கிழிவதற்குப் பதிலாக ஒன்றாகப் பிசைந்து ஒரே உருண்டையாக வெளிவந்தன. இருநூறு ஆண்டுகள் கழித்தும் மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) உறைந்த கட்டிப்பாலை அரைவையில் போடுபவருக்கு அதுவே நடக்கிறது. சாதாரண வெப்பநிலையில் ரப்பர் உடையாது. அடியின் ஆற்றலை வாங்கி, நீண்டு, திரும்பிச் சுருங்கி, அதைச் சூடாக வெளியே விடும். இயற்கை ரப்பர் ஏறத்தாழ கழித்தல் 70 பாகைக்குக் கீழே போனால்தான் கண்ணாடித் தன்மை பெற்று நொறுங்கும். உலர் பனிக்கட்டியின் வெப்பநிலை கழித்தல் 78.5 பாகை. கணக்குப்படி போதும் என்று தோன்றும். ஆனால் முதல் சில அடிகளின் சூடே அந்த எட்டுப் பாகையைத் தின்றுவிடும். எனவே கழித்தல் 196 பாகையில் உள்ள திரவ நைட்ரஜன் தேவை.

கத்தரிக்கோலால் 3, 4 மில்லிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கிக் கொள்ளுங்கள். கலத்தை மூடி, வெளியிலிருந்து குளிர்வியுங்கள். மூடிய கலத்துக்குள் ஒரு சொட்டுத் திரவமும் இருக்கக்கூடாது. திரவ நைட்ரஜன் வாயுவாகும்போது ஏறத்தாழ 700 மடங்கு விரியும். மூடிய கலம் குண்டுக்குச் சமம். கலத்தைச் சுற்றித் திரவம் கொதிக்கும் ஓசை அடங்கிய பிறகு ஓரிரு நிமிடம் அரைத்து, மறுபடியும் குளிர்வித்து, மறுபடியும் அரையுங்கள். ஓசையே உங்கள் வெப்பமானி. போதிய குளிர் இருந்தால் உள்ளே கூழாங்கற்கள் உரசுவதைப் போலக் கலகலக்கும். குளிர் போனதும் ஓசை மொத்தென்று மங்கிவிடும். மங்கிய பின் ஓட்டுவது ஹான்காக்கின் உருண்டையைத்தான் தரும். முடிந்ததும் கலம் அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் பொடியின் மேல் உறைபனியாக இறங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அளக்க வேண்டியது ரப்பரின் மூலக்கூறு எடையாக இருந்தால் அரைக்கவே கூடாது. குளிரில் உடைப்பது நீண்ட மூலக்கூறு இழைகளையும் சேர்த்து அறுத்துவிடும். மெல்லிய சீவல்களாக நறுக்கி டொலுயீனில் ஊறவிட்டுக் கரைப்பதே முறை. எண் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து வந்தால், யாரோ அரைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அறிகுறி: முந்தைய மாதிரியின் சாயல் அடுத்ததில் தெரிகிறது

மிளகாய் அரைத்த மில்லில் அடுத்ததாக அரிசி மாவு அரைக்க யாரும் கொடுப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் மட்டும் தூரிகையால் ஒரு வீச்சு வீசிவிட்டு அடுத்த மாதிரியைப் போட்டுவிடுகிறோம். தனிமப் பகுப்பாய்வில் இது சிறிய பிழை. மரபணுச் சோதனையில் தீர்ப்பையே மாற்றும். செம்பனைக் கொட்டையின் ஓட்டைத் தடிப்பாக்குவதா மெலிதாக்குவதா என்பதை ஒரு மரபணு முடிவு செய்கிறது என்பது 2013இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது; அதன்பின் நாற்றங்காலிலேயே கன்றுகளைச் சோதிக்க முடிகிறது. ஓடற்ற பிசிஃபெரா வகையின் பொடி போதிய அளவு கலத்தில் ஒட்டியிருக்க, அடுத்துத் தடித்த ஓட்டு டூரா வகையை அரைத்தால், இரண்டும் கலந்து, மெல்லிய ஓட்டுத் தெனேரா என்றே படிக்கப்படும். அந்தக் கன்றை நட்டால் பிழை தெரிய மூன்று ஆண்டாகும். ஆகவே மரபணு வேலைக்குத் தனித்தனிக் குழாய், தனித்தனி மணி. பெரிய அரைவையைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமென்றால், அடுத்த மாதிரியின் ஒரு பகுதியை முதலில் அரைத்து அதைக் கொட்டிவிட்டு, மிச்சத்தை அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஜெல்லில் ஓட்டிப் பார்த்த ஆர்என்ஏ சிதைந்து கீழே புகைபோல ஓடியிருக்கிறது

முதலில், அது உண்மையிலேயே சிதைவுதானா? பச்சை இலையில் பசுங்கணிகத்துக்கு உரிய ரைபோசோம் பட்டைகளும் சேர்ந்து தெரியும் என்பதால், இரண்டுக்கு மேல் பட்டைகள் இருப்பது குற்றமல்ல. 25 எஸ் பட்டை 18 எஸ் பட்டையைவிட மங்கி, அவற்றின் கீழே மேகம் படர்ந்திருந்தால் அது சிதைவு.

காரணம் பெரும்பாலும் நொடிக் கணக்கில்தான் இருக்கிறது. முழு இலையில் ஆர்என்ஏவை வெட்டும் நொதிகள் செல்லின் தனி அறைகளில் அடைபட்டிருக்கின்றன. உறைந்த நிலையில் நொறுக்கும்வரை அவை செயலற்றவை. பொடி உருகிய அந்தக் கணத்தில் எல்லாம் கலந்து வேலை தொடங்கிவிடும். உருகியதைக் கண்ணாலேயே அறியலாம். நன்றாக உறைந்த குருத்துப் பொடி வெளிறிய பச்சையாக, அரிசி மாவைப் போல உதிரியாக, கல்வத்தின் சுவரில் ஒட்டாமல் வழுக்கும். உருகத் தொடங்கியதும் ஓரங்களில் கரும்பச்சை ஈரத் திட்டுகள் தோன்றும். அந்தத் திட்டைப் பார்த்த பிறகு மேலும் நைட்ரஜன் ஊற்றி மறுபடியும் வெளிறச் செய்யலாம், ஆனால் ஆர்என்ஏ திரும்பி வராது. அந்த மாதிரியை டிஎன்ஏவுக்கு ஒதுக்கிவிட்டுப் புதிய துண்டை எடுங்கள்.

அதைத் தவிர்க்க: கல்வத்தையும் குழவியையும் 240 பாகையில் நான்கு மணி நேரமேனும் சுட்டு நொதிகளை ஒழித்து, பின் திரவ நைட்ரஜன் ஊற்றிக் கொதி அடங்கும்வரை குளிர்வியுங்கள். இலையைப் போட்டதும் அம்மியில் இழுப்பதைப் போல இழுக்கத் தொடங்காதீர்கள். முதலில் உரலில் இடிப்பதைப் போல மெல்ல இடித்துத் துண்டாக்கி, திரவம் வற்றும் தறுவாயில் வட்டமாகத் தேய்த்து நுணுக்குங்கள். திரவம் நிறைந்திருக்கும்போது வேகமாக இடித்தால் துண்டுகள் தெறித்து வெளியேறும். கரண்டியையும் குழாயையும் குளிர்விக்க மறப்பதே பலரின் தவறு: பொடி உறைந்திருக்கும், அதை அள்ளும் கரண்டி 28 பாகையில் இருக்கும், பாதிப் பொடி கரண்டியில் உருகி ஒட்டிக்கொள்ளும். பொடி உருகும் முன்பே, நொதிகளை முடக்கும் குவானிடின் கரைசலில் விழுந்து, விழுந்த உடனே குலுக்கப்பட வேண்டும். பத்து மாதிரிகளையும் அரைத்து முடித்துவிட்டுப் பிறகு கரைசல் சேர்க்கலாம் என்று வரிசையாக அடுக்கி வைத்தால், முதல் மாதிரி காத்திருந்தே கெடும்.

திரவ நைட்ரஜனை நெருக்கமான, சன்னல் மூடிய அறையில் ஊற்றாதீர்கள். அது வாயுவாகி ஆக்ஸிஜனை வெளியேற்றும். மூச்சுத் திணறும் எச்சரிக்கைகூட இல்லாமல் ஆள் மயங்கி விழுவார்.

அறிகுறி: டிஎன்ஏ பழுப்பாக, கூழாக, அல்லது துண்டுதுண்டாக வருகிறது

பழுப்பு என்றால் நறுக்கிவைத்த வாழைக்காய் கறுப்பதே இங்கும் நடந்திருக்கிறது: பாலிபீனால்கள் காற்றோடு வினைபுரிந்து டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டன. அரைக்கும்போதே பாலிபீனால்களைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி பொடியைச் சேர்த்து, கரைசலில் பழுப்பேறாமல் தடுக்கும் மெர்காப்டோஎத்தனால் இருப்பதை உறுதிசெய்யுங்கள். அரைத்த பிறகு சேர்ப்பது காலம் கடந்தது. கூழாக வந்தால் அது சர்க்கரைப் பொருள். கரைசலின் உப்பைக் கூட்டுங்கள். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க ஊற்றும் சிடேப் (CTAB) கரைசலை 60 பாகைக்கு மேல் முன்னதாகவே சூடாக்கியிருக்க வேண்டும், குளிர்ந்ததை ஊற்றினால் சிடேப் தானே படிந்துவிடும். துண்டுதுண்டாக வந்தால் குற்றம் மணி அரைவையின் நேரத்தில் இருக்கிறது. எஃகு மணிகளுடன் ஐந்து நிமிடம் ஆட்டியதை, உறைந்த நிலையில் முப்பது முப்பது நொடியாக இரண்டு முறை ஆட்டிப் பாருங்கள். சாதாரணப் பெருக்கச் சோதனைக்கு (பிசிஆர்) துண்டான டிஎன்ஏவும் போதும். டிஎன்ஏவை நீண்ட இழைகளாகவே படிக்கும் நீள வாசிப்புக்குத்தான் போதாது. தேவையில்லாத முழுமைக்காக உழைக்க வேண்டாம்.

அறிகுறி: செல்கள் உடையவில்லை, அல்லது உடைந்தும் புரதம் செயலிழந்திருக்கிறது

நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். முழுச் செல்கள் மின்னிக்கொண்டிருந்தால் உடையவில்லை. நிழல் உருவங்கள் மட்டும் இருந்தால் உடைந்துவிட்டன.

மணி அரைவையில் உடையாததற்கு மணியின் அளவே முதற்காரணம். பாக்டீரியாவுக்கு 0.1 மில்லிமீட்டர், ஈஸ்ட்டுக்கு 0.5 மில்லிமீட்டர் என்பது வழக்கம். செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா பூஞ்சையின் இழைகளுக்குக் கைட்டின் சுவர் இருப்பதால் மணி மட்டும் போதாது. உறையவைத்துக் கல்வத்தில் நுணுக்கிய பிறகு மணிக்கு அனுப்புங்கள். குழாயை விளிம்புவரை நிரப்பினாலும் மணிகளுக்கு ஓட இடமிருக்காது. பெரிய பந்து அரைவையிலும் இதே கணக்குத்தான்: மூன்றில் ஒரு பங்கு பந்து, ஒரு பங்கு மாதிரி, ஒரு பங்கு வெற்றிடம்.

மீயொலி உடைப்பானில் புரதம் செயலிழந்தால் சூட்டையும் நுரையையும் பாருங்கள். முனை மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் காற்றை உள்ளிழுத்து நுரைக்கும். நுரைத்த புரதம் விரிந்து கெடும். ஓசை கூச்சலாக மாறுவதே அதற்கு அறிகுறி. முனையை ஆழத்தில், சுவரைத் தொடாமல் நிறுத்தி, பனிக்கட்டியில் வைத்து, 10 நொடி ஓட்டி 20 நொடி ஓய்வு கொடுங்கள். புரதம் துண்டாகித் தெரிந்தால் நொதித் தடுப்பியைச் சரிபாருங்கள். பிஎம்எஸ்எஃப் என்னும் தடுப்பி நீரில் சீக்கிரம் சிதைவதால், காலையில் கலந்து வைத்த கரைசலில் மாலையில் அது இருக்காது. உடைத்த சாறு மூக்குச்சளி போலக் கோழையாக இருந்தால் பயப்படத் தேவையில்லை: அது வெளியேறிய டிஎன்ஏ. மக்னீசியம் சேர்த்து, டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் சிறிது இடுங்கள், அல்லது மெல்லிய ஊசி வழியே நாலைந்து முறை உறிஞ்சி விடுங்கள்.

அறிகுறி: மண் மாதிரியின் எண்கள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன

மண்ணை அரைக்கக் கூடாது, கட்டிகளை மட்டும் உடைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். செம்மண்ணில் உள்ள இரும்புக் கற்களைச் சுத்தியலால் நொறுக்கிச் சலித்தால், வேர் ஒருபோதும் எட்டாத சத்து கணக்கில் ஏறும். ஆள் மாறினால் நொறுக்கும் கை மாறுகிறது; ஆண்டுக்காண்டு மாறுவது அதுதான்.

அறிகுறி எதிலும் அடங்கவில்லை என்றால்

அரைக்காத மாதிரி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த மாதிரியானாலும் உலர்த்திய பின் பாதியை அரைக்காமல் காகித உறையிலேயே, அறிக்கை கையெழுத்தாகும்வரை எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பாதியை வேறு கலத்தில், வேறு ஆள் அரைத்து, எண் மாறினால் பிழை அரைப்பில். மாறாவிட்டால் அதற்கு முன்போ பின்போ. உறை இருந்தால் இது இரண்டு நாள் வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் அதே மரத்துக்கு ஆளனுப்ப வேண்டும்; செம்பனை மாதம் ஏறத்தாழ இரண்டு மட்டை விடுவதால், ஒன்றரை மாதம் கழித்துப் போகிறவருக்கு முன்பு நாம் வெட்டிய அந்த 17ஆம் மட்டை 20ஆம் இடத்துக்கு இறங்கியிருக்கும்.